அறிக்கையில் ஒரு சொல்

கடலூர் சிப்காட்டில் பாதுகாப்புப் பிரிவில் இருந்த ஆண்டுகளில் நான் எழுதிய நியர் மிஸ் அறிக்கைகளுக்கு, அதாவது மயிரிழையில் தப்பிய விபத்துகளைப் பற்றிய அறிக்கைகளுக்கு, கணக்கில்லை. அவற்றுள் ஒன்றில் எழுதிய ஓர் ஆங்கிலச் சொல் மட்டும் இன்றுவரை என்னை உறுத்திக்கொண்டிருக்கிறது.

கிரைண்டிங் வேலைக்கான ஹாட் ஒர்க் பெர்மிட்டில், அதாவது தீப்பொறி பறக்கும் வேலைக்கான அனுமதிச் சீட்டில், கையெழுத்திடுமுன் இடத்தைப் பார்க்கப் போனேன். வேலை நடக்கவிருந்த சுவரை ஒட்டி டொலுயீன் என்ற கரைப்பானின் டிரம்கள் இரண்டு நின்றன. டொலுயீனின் ஃப்ளாஷ் பாயின்ட், அதாவது அதன் ஆவி பொறி பட்டால் பற்றக்கூடிய மிகக் குறைந்த வெப்பநிலை, ஏறக்குறைய 4 டிகிரி செல்சியஸ். மார்கழி விடியற்காலையில்கூடக் கடலூர் அந்த அளவுக்குக் குளிர்வதில்லை என்பதால், அதன் ஆவி பற்றிக்கொள்ள எந்நேரமும் ஒரு பொறி போதும். அவற்றை அங்கே உருட்டி வைத்தவர், எழுத்துக்கூட்டி ஆங்கிலம் வாசிக்கக்கூடிய ஓர் இளம் கான்ட்ராக்ட் தொழிலாளி.

"என்னப்பா, இதுல என்ன எழுதியிருக்குன்னு பாக்கலையா?" என்று கேட்டேன்.

"பாத்துதான் சார் வச்சேன். ஃப்ளேமபிள்னு போட்டதெல்லாம் ஷெட்டுக்குள்ள இருக்கு. இது இன்ஃப்ளேமபிள். 'இன்' வந்தா இல்லன்னு அர்த்தம்னு நீங்கதானே சார் சொன்னீங்க?"

சொல்லிக்கொண்டே, டிரம்மின் மேலிருந்த ஸ்டென்சில் எழுத்துகளில் முதல் இரண்டின் மீது விரலை வைத்துக் காட்டினார். சிவப்புச் சாய்சதுரத் தீச்சின்னம் உரிந்து, பசைத்தடம் மட்டும் எஞ்சியிருந்தது. அவர் முகத்தில் தப்பு செய்தவரின் பதற்றம் இல்லை. பாடத்தைச் சரியாக ஒப்பித்த மாணவரின் எதிர்பார்ப்புதான் இருந்தது.

நான் சொன்னது உண்மை. இரண்டு வாரங்களுக்கு முன் வகுப்பில் ஆர்கானிக், இன்ஆர்கானிக், சால்யுபிள், இன்சால்யுபிள், ஆக்டிவ், இன்ஆக்டிவ் என்று பலகையில் எழுதிக் காட்டியிருந்தேன். லேபிளைப் பார்த்து மிரளாமல் அவர்களே வாசிக்கட்டும் என்பது என் எண்ணம்; அந்த எண்ணத்தில் இன்றும் எனக்குக் குறை தெரியவில்லை. ஆனால் இன்ஃப்ளேமபிளில் வரும் 'இன்' மறுப்பு அன்று. தீ மூட்டுதல் என்னும் பொருளுடைய 'இன்ஃப்ளமாரே' என்ற லத்தீன் வினையோடு வந்தது. மருத்துவர் அழற்சியைக் குறிக்கச் சொல்லும் இன்ஃப்ளமேஷனும் அதன் உறவே. ஆகவே எதிர்ச்சொற்கள் போலத் தோன்றும் ஃப்ளேமபிள், இன்ஃப்ளேமபிள் இரண்டும் எளிதில் தீப்பற்றக்கூடியது என்ற ஒன்றையே சொல்கின்றன. இந்தக் குழப்பத்துக்கு அஞ்சித்தான் அமெரிக்கத் தேசியத் தீத்தடுப்புச் சங்கம் 1920களிலேயே ஃப்ளேமபிள் என்று மட்டும் எழுதும்படி வலியுறுத்தியது. நம் சாலைகளில் ஓடும் டேங்கர் லாரிகளின் முதுகில் இன்றும் பழைய சொல்லைப் பார்க்கிறோம். இவையெல்லாம் எனக்குத் தெரியும். வகுப்பில் சொல்ல மறந்தேன்.

அன்று மாலை அறிக்கையில் காரணம் என்ற கட்டத்தில், தொழிலாளி லேபிளை 'இக்னோர்' செய்தார் என்று எழுதினேன். அடுத்த வாரம் கான்ட்ராக்டர் அவருடைய கேட் பாஸைப் புதுப்பிக்கவில்லை.

இக்னோர் என்றால் தெரிந்தே பொருட்படுத்தாமல் விடுவது. இக்னரன்ட் என்றால் அறியாதிருப்பது. இரண்டும் ஒரே வேரில் பிறந்தவை, ஆனால் தமிழில் அலட்சியத்துக்கும் அறியாமைக்கும் எவ்வளவு தூரமோ அவ்வளவு தூரம் விலகி நிற்பவை. அவர் லேபிளைப் பொருட்படுத்தாதவர் அல்லர். என்னிடம் வேலை பார்த்தவர்களில் அதை அவ்வளவு கவனமாக வாசித்தவர் வேறு எவரும் இருந்ததாக நினைவில்லை.

ஷிப்ட் முடியும் அவசரத்தில் வழக்கமாக எழுதும் சொல்லையே எழுதிவிட்டேன் என்றுதான் நெடுநாள் எனக்கு நானே சொல்லிவந்தேன். அது பொய்யன்று, முந்தைய அறிக்கைகள் பலவற்றிலும் அதே சொல் இருக்கிறது. ஆனால் இரு சொற்களுக்கும் உள்ள வேறுபாட்டை அறியாதவன் அல்லன் நான். எழுதியபின் ஒருமுறை படித்தும் பார்த்தேன், திருத்தவில்லை. டிரம்களை அப்புறப்படுத்தி விபத்தைத் தடுத்தேனே, அதுதானே என் வேலை என்றும் தோன்றுகிறது. அவருடைய கேட் பாஸைப் பற்றி நினைக்கும்போது அந்த ஆறுதல் நிற்பதில்லை.

அறியாமை என்று மாற்றியிருந்தால் மட்டும் நியாயமாகியிருக்குமா என்றும் யோசிக்கிறேன். அவர் அறியாதவரும் அல்லர். அறிந்ததைக் கொண்டு செயல்பட்டவர். தவறாகப் பயிற்றுவிக்கப்பட்டார் என்பதே பொருந்தியிருக்கும். அப்படி எழுதினால், பயிற்றுவித்தவர் யார் என்று மேலிடத்தில் கேட்டிருப்பார்கள். வகுப்புப் பதிவேட்டில் அன்றைய தேதிக்கு நேரே அவருடைய கையெழுத்தும், பக்கத்தின் அடியில் என்னுடையதும் இருந்தன.