மகனுக்கு ஆதன் என்று பெயர் வைத்தோம்

எங்கள் மகன் பெயர் ஆதன். சொன்னதும் எதிரில் இருப்பவர் "ஆதவனா?" என்பார். இல்லை என்றால் "ஆதியா?" என்பார். இதே பெயரில் ஒரு யூடியூப் சேனல் இருப்பதால் சிலர் அதைச் சொல்லிச் சிரிப்பார்கள். அப்புறம்தான் "என்ன அர்த்தம்?" என்ற கேள்வி வரும். இந்தப் பெயரை யோசித்துக்கொண்டிருக்கும் சிலர் என்னிடம் விவரம் கேட்டார்கள். தேடியது, வீட்டில் பேசி முடித்தது, சான்றிதழில் ஏற்றியது எல்லாவற்றையும் ஒரே இடத்தில் எழுதிவிடலாம் என்று தோன்றியது.

தமிழ்ப் பெயர் வேண்டும் என்பதில் எனக்கும் கணவருக்கும் கருத்து வேறுபாடு இல்லை. ஆனால் குழந்தைப் பெயர்ப் புத்தகங்களைப் புரட்டினால் அலுப்புத்தான் மிஞ்சியது. இரண்டு நல்ல சொற்களை ஒட்டவைத்துச் செய்த பெயர்களே அதில் பாதி. ஒரு காலத்தில் நிஜமாகவே யாராவது ஒருவர் சுமந்து திரிந்த பெயராக இருக்க வேண்டும் என்று ஆசைப்பட்டேன். கணவரின் அப்பத்தா பல்லில்லாத வாயால் கூப்பிடவும் எளிதாக இருக்க வேண்டும்.

அப்போதுதான் கீழடி நினைவுக்கு வந்தது. தமிழ்நாடு தொல்லியல் துறை 2019 செப்டம்பரில் வெளியிட்ட நான்காம் கட்ட அகழாய்வு அறிக்கை, தமிழின் பழைய எழுத்து வடிவமான தமிழியில் கீறப்பட்ட 56 பானை ஓடுகளைப் பற்றிப் பேசியது. அதில் படிக்கக் கிடைத்த பெயர்களில் குவிரன் ஆதன் என்பது ஒன்று, வெறும் ஆதன் என்பது இன்னொன்று. செய்தித்தாளில் அன்று படித்தது எங்கோ மனதில் தங்கியிருந்திருக்கிறது. கருவுற்றிருந்த நாட்களில் கீழடி அருங்காட்சியகத்துக்குப் போனோம். 2023 மார்ச்சில் திறந்தது அது. மதுரையிலிருந்து பக்கம்தான்.

அந்த எழுத்துகளை நிதானமாகப் பார்த்தேன். முதலில் ஆ. அடுத்து த, கவைக்கோலைத் தலைகீழாக நிறுத்தியது போல ஒரு கோடு கீழே போய் இரண்டாகப் பிரியும். கடைசியில் அடியில் வளைந்த ன. இன்றைக்கு நாம் எழுதுவதும் அதே மூன்று எழுத்துதான். கல்வெட்டு வெட்டத் தெரிந்த கைத்தேர்ச்சி அதில் இல்லை. யாரோ கூரான ஒன்றை எடுத்துத் தன் பானை என்று தெரிவதற்காகக் கீறியிருக்கிறார்கள். எழுத்துகள் ஒரே கையெழுத்தில் இல்லாததால் பலர் எழுதியிருக்க வேண்டும் என்பது ஆய்வாளர்களின் கருத்து. மன்னன் பெயராக மட்டும் கேட்டிருந்தால் எனக்கு இவ்வளவு பிடித்திருக்காது. வீட்டுப் பாத்திரத்தில் பெயர் போட்டுக்கொண்ட ஒரு சாதாரண மனிதரின் பெயர் என்பதுதான் என்னைப் பிடித்துக்கொண்டது.

மன்னர்களும் இல்லாமல் இல்லை. நெடுஞ்சேரலாதன், ஆடுகோட்பாட்டுச் சேரலாதன் என்று நாம் பள்ளியில் படித்த சேரர்கள் பலரிடமும் ஆதன் ஒட்டிக்கொண்டிருக்கிறான். பதிற்றுப்பத்தின் ஏழாம் பத்தில் கபிலர் பாடியது செல்வக் கடுங்கோ வாழியாதனை. கரூர் மாவட்டத்துப் புகழூரில் ஆறுநாட்டார் மலை இருக்கிறது. அங்கே சமணத் துறவி ஒருவருக்குக் கற்படுக்கை வெட்டிக் கொடுத்ததைச் சொல்லும் தமிழிக் கல்வெட்டில் 'கோ ஆதன் செல்லிரும்பொறை' என்று வருகிறது. அவன் மகன் பெருங்கடுங்கோன், பேரன் இளங்கடுங்கோ என்று மூன்று தலைமுறையின் பெயரும் கல்லிலேயே இருக்கிறது. வல்வில் ஓரியைப் புறநானூறு ஆதன் ஓரி என்கிறது. பூதப்பாண்டியனின் நண்பர்களில் ஒருவன் ஆதன் அழிசி. ஐங்குறுநூற்றைத் திறந்தாலே முதல் பத்துப் பாட்டும் 'வாழி ஆதன் வாழி அவினி' என்றுதான் தொடங்குகின்றன. முதல் பாட்டில் அடுத்து வருவது, 'நெற்பல பொலிக பொன்பெரிது சிறக்க'. பிள்ளையைத் தொட்டிலில் போடும்போது சொல்வதற்கு இதைவிட நல்ல வாழ்த்து எனக்குக் கிடைக்கவில்லை.

சரி, இவ்வளவு இருக்கிறதே என்று வீட்டில் சொன்னேன். மாமனார் எதையும் சரிபார்க்காமல் தலையாட்டுகிறவர் அல்ல. மறுநாள் அகராதியை விரித்துக்கொண்டு வந்துவிட்டார்.

"அறிவில்லாதவன், குருடன்னு போட்டிருக்கேம்மா. பிள்ளைக்கு இதையா வைக்கிறது?"

அவர் காட்டியது உண்மைதான். பிற்கால நூல்களில் ஆதன், ஆதர் என்ற சொற்களுக்கு அறிவிலி என்ற பொருள் இருக்கிறது. தேவாரத்தில் சமணரைச் சாடும் இடங்களில் ஆதர் என்ற சொல் அப்படித்தான் வருகிறது. சங்க காலத்தில் இத்தனை பேருக்கு இருந்த பெயர் பிறகு வழக்கொழிந்துபோனதற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம் என்பது என் ஊகம். ஆனால் பூதன், சாத்தன், கொற்றன் எல்லாமும்தான் மறைந்துவிட்டன. அவற்றுக்கு இந்தக் கெட்ட பொருள் இல்லையே. கண்ணன் நிலைத்தான், கீரன் நக்கீரனாகத் தப்பினான். பெயர்களின் ஆயுளுக்குப் பொருள் மட்டுமே கணக்கு இல்லை போலிருக்கிறது. மாமனாரிடம் நான் சொன்னது இவ்வளவுதான்: "மாமா, அறிவிலி என்ற பொருள் அன்றைக்கே இருந்திருந்தால் சேரன் தன் பெயரில் அதை வைத்திருப்பானா?"

அவர் பதில் சொல்லவில்லை. ஆனால் அவரை மாற்றியது என் வாதம் இல்லை, தொல்காப்பியம்தான். ஆதன், பூதன் என்ற பெயர்களோடு தந்தை என்ற சொல் சேரும்போது எப்படிச் சுருங்கும் என்று அதில் ஒரு விதி இருக்கிறது. ஆதன் தந்தை என்பது ஆந்தை ஆகும், பூதன் தந்தை என்பது பூந்தை ஆகும். பறவைக்கும் இந்த ஆந்தைக்கும் சம்பந்தமில்லை. ஒரு இலக்கண நூல் தனியாக எடுத்து விதி சொல்கிற அளவுக்கு அந்தப் பெயர் தெருவெல்லாம் புழங்கியிருக்கிறது! பிசிர் என்னும் ஊரைச் சேர்ந்த ஆதனின் தந்தைதான் பிசிராந்தையார். அவரையும் கோப்பெருஞ்சோழனையும் மாமனாருக்கு மிகவும் பிடிக்கும். பார்க்காமலே வளர்ந்த அந்த நட்பைப் பள்ளியில் படித்ததை இன்றும் சொல்வார்.

"அப்போ பிசிராந்தையார் மகன் பேரும் ஆதன்தானா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். அகராதியை மூடிவிட்டார்.

பெயர் எவ்வளவு அரிது என்று பார்ப்பது தனி வேலை. அமெரிக்காவில் சமூகப் பாதுகாப்புத் துறை ஒவ்வோர் ஆண்டும் குழந்தைப் பெயர்களை எண்ணிக்கையோடு வெளியிடுகிறது. ஒரே ஆண்டில் ஐந்து குழந்தைகளுக்கு வைத்த பெயர்கூட அதில் இருக்கும். நம் நாட்டில் அப்படிப் பொதுவில் ஒரு பட்டியல் இல்லை. அதனால் எங்கள் தொகுதியின் வாக்காளர் பட்டியலை இறக்கிப் பார்த்தோம். ஆதவன், ஆதிமூலம், ஆதிநாராயணன் எல்லாம் வந்தார்கள், ஆதன் வரவில்லை. ஆனால் வாக்காளர் பட்டியலில் பதினெட்டு வயதுக்கு மேற்பட்டவர்கள்தான் இருப்பார்கள். கீழடிச் செய்தி ஊர் முழுக்கப் பரவிய பிறகு பிறந்த பிள்ளைகள் அதில் வரவே மாட்டார்கள். தடுப்பூசி போடப் போன இடத்தில் இன்னொரு ஆதனைப் பார்த்தேன். அவன் அம்மாவும் கீழடி என்றுதான் சொன்னார். எனக்கு வருத்தமில்லை, சந்தோஷமாகத்தான் இருந்தது. நல்ல பெயர் ஒன்று மறுபடி புழக்கத்துக்கு வருகிறது.

நட்சத்திர எழுத்து ஒரு சின்னத் தடங்கல். உத்திராடத்தில் பிறந்தவனுக்கு பே, போ, ஜ, ஜி என்று சோதிடர் எழுதிக்கொடுத்தார். அவற்றில் எனக்கு ஒன்றும் ஒட்டவில்லை. தொட்டில் போட்ட அன்று நாத்தனார் அவன் காதில் நட்சத்திரப் பெயர் ஒன்றையும் ஆதன் என்பதையும் சேர்த்தே சொன்னார். அத்தோடு முடிந்தது.

பதிவுக்கு வருகிறேன். பிறப்பை 21 நாளுக்குள் பதிய வேண்டும். அதை மருத்துவமனையே செய்துவிடும். ஆனால் அதற்குள் பெயர் முடிவாக வேண்டிய கட்டாயமில்லை. 1969ஆம் ஆண்டுப் பிறப்பு, இறப்புப் பதிவுச் சட்டத்தின்படி பெயரில்லாமல் பதிந்துவிட்டு, பிறகு பெயரைச் சேர்க்கலாம். ஓராண்டு வரை கட்டணமில்லை. அதைத் தாண்டினால் தாமதக் கட்டணத்தோடு 15 ஆண்டு வரை சேர்க்கலாம். வீட்டில் பேச்சு முடியாத நாங்கள் அப்படித்தான் காலியாக விட்டிருந்தோம். இதில் ஒன்றைக் கட்டாயம் மனதில் வைக்க வேண்டும். பெயரைச் சேர்த்துவிட்டால் பிறகு வேறு பெயருக்கு மாற்ற முடியாது. எழுத்துப் பிழை என்றால் ஆவணம் காட்டித் திருத்தலாம், அதற்கும் அலைச்சல்தான். 2023 அக்டோபர் 1 முதல் பிறந்த குழந்தைகளுக்குப் பள்ளிச் சேர்க்கையிலிருந்து பாஸ்போர்ட் வரை பிறந்த தேதிக்கு இந்தச் சான்றிதழ்தான் ஆதாரம். அதனால் இங்கே நிதானம் வேண்டும்.

நாங்கள் போன அலுவலகத்தில் இருவரும் கையெழுத்திட்ட கடிதத்தைக் கொடுத்தோம். கணினியில் இருந்தவர் கடிதத்தைப் பார்த்துத்தான் அடித்தார், ஆனால் கை பழக்கத்தில் ஆதவன் என்று விழுந்தது. நல்லவேளையாக, பதிவேற்றும் முன் திரையை ஒரு முறை காட்டச் சொல்லியிருந்தேன். "வ இல்லைங்க சார், மூன்றே எழுத்து" என்று சொன்னேன். அவர் உடனே திருத்தினார். "இப்படி ஒரு பேரா?" என்று ஆர்வமாகக் கேட்டார். கீழடி என்றதும் அருகில் இருந்தவரையும் கூப்பிட்டுக் காட்டினார்.

ஆங்கில எழுத்தை வீட்டிலேயே முடிவு செய்துகொண்டு போங்கள். சான்றிதழில் இரண்டு மொழியிலும் பெயர் வரும். முதலில் ஒற்றை 'ஏ' போட்டால் 'அதன்' என்று படிப்பார்கள், அதனால் நாங்கள் இரண்டு 'ஏ' போட்டோம். நடுவில் உள்ள 'த' எழுத்தை மாதவன் என்ற பெயரில் எழுதுவது போலவே 'எச்' சேர்த்து எழுதினோம். 'எச்'சை விட்டால் ஆடன் என்று ஆகிவிடும். எண் கணிதம் பார்க்கும் உறவினர் ஒருவர் கடைசியில் இன்னொரு 'என்' சேர்க்கச் சொன்னார். சேர்க்கவில்லை.

சான்றிதழ் வந்ததும் அதே எழுத்தில் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கான நீல ஆதார் எடுத்தோம். பெயர் சரியாக வந்திருக்கிறது. ஐந்து வயதில் கைரேகை பதிக்கப் போகும்போது மறுபடி ஒரு முறை திரையைப் பார்த்துக்கொள்ள வேண்டும்.