பெயின்ட் டப்பாவைக் கடைசியில் திறங்கள்

வீட்டாரோடு சேர்ந்து சொந்தமாகக் கார் கட்ட இறங்கினால் முதல் பஞ்சாயத்தே கலருக்குத்தான். ஃப்ரேம் எழுந்து நின்றதும் ஆரஞ்சா நீலமா என்று முடிவு செய்து மறுநாளே அடித்துவிடுவார்கள். அப்புறம்தான் ஹேண்ட்பிரேக் கேபிளுக்கு ஒரு கொக்கி, பேட்டரிக்கு ஒரு தட்டு என்று ஒவ்வொன்றாக ஞாபகம் வரும். ஒவ்வொரு வெல்டிங்குக்கும் பெயின்ட் கருகும். பெயின்ட் படாத வெறும் இரும்பிலேயே முழு வண்டியையும் மாட்டி, ஓட்டிப் பார்த்து, எல்லாவற்றையும் கழற்றி, அதற்குப் பிறகுதான் பெயின்ட். ஆக, ஒரே வண்டியை ரெண்டு தடவை கட்ட வேண்டும்.

இங்கிலாந்தில் 1957-ல் வந்த லோட்டஸ் செவன் காரைப் பாகங்களாக வாங்கி வீட்டில் பூட்டினால் அந்தக் காலத்தில் முழுக் காருக்கான கொள்முதல் வரி கிடையாது. அதனாலேயே அங்கே இந்தப் பழக்கம் வேர்பிடித்தது. நம் ஊரில் வீட்டில் கட்டியதை ரோட்டில் ஓட்ட முடியாது. ஒரு மாடலுக்கு ஒப்புதல் வாங்குவது கம்பெனிகளுக்கான வேலை. சொந்தத் தோட்டம், வேலி போட்ட காடு, அதற்குள்தான் ஓட்டம். வறண்டு கிடக்கும் கண்மாயைப் பார்த்ததும் கை துறுதுறுக்கும், ஆனால் அது அரசு நிலம். பழைய காரைப் பிரித்துப் போடுகிறவர்கள் மோட்டார் வாகனச் சட்டம் 55-ஆம் பிரிவின்படி ஆர்.டி.ஓ.வில் சொல்லி ஆர்.சி.யை ரத்து செய்துவிடுங்கள்.

காயலாங்கடையில் தேட வேண்டியது கார்புரேட்டர் வைத்த மாருதி 800. 796 சி.சி., மூன்று சிலிண்டர். எஞ்சினும் கியர்பாக்ஸும் ஒரே கட்டாக இறங்கும். கம்ப்யூட்டர் பெட்ரோலைப் பீச்சும் இன்ஜெக்‌ஷன் வண்டி என்றால் ஒயரிங் முழுதையும் அறுக்காமல் எடுக்க வேண்டும், முதல் தடவைக்கு அந்தத் தலைவலி வேண்டாம். இந்தக் கட்டை அப்படியே சீட்டுக்குப் பின்னால் வைத்தால் பக்கி, அதாவது மண்ணில் ஓட்டும் திறந்த வண்டி. (வீட்டில் யாரையோ திட்டுவது போலத்தான் இருக்கிறது, என்ன செய்ய.)

ஃப்ரேமுக்கு 25 மி.மீ. சதுரக் குழாய், கனம் 1.6 மி.மீ. 6 மீட்டர் நீளம் ஒன்று 7 கிலோ வரும். எட்டு நீளம் வாங்கினால் கழிவும் அடங்கும். துத்தநாகம் பூசிய ஜி.ஐ. குழாய் வேண்டாம், வெல்டு வைக்கும்போது எழும் துத்தநாகப் புகை அன்று ராத்திரியே காய்ச்சலில் படுக்கவைக்கும். வண்டி கவிழ்ந்தால் ஆளைக் காக்கத் தலைக்கு மேல் வரும் ரோல் கம்பிக்கு இந்தச் சதுரக் குழாய் ஆகாது. 38 மி.மீ. விட்டம், 2.5 மி.மீ. கனத்தில் சீம்லெஸ் (ஒட்டுக்கோடு இல்லாத) குழாய் எடுத்து, பெண்டிங் மிஷின் உள்ள பட்டறையில் வளையுங்கள். மடிப்பு விழுந்த குழாயைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

தரையை நம்பாமல், ரசமட்டம் பார்த்துப் போட்ட ஒரு மேஜையில் குழாய்களை அடுக்கி டேக் மட்டும், அதாவது அங்கங்கே பொட்டு வெல்டு மட்டும் அடியுங்கள். மூலைக்கு மூலை டேப்பை இழுத்தால் ரெண்டு அளவும் 2 மி.மீ.க்குள் ஒத்துப்போக வேண்டும். டேப்பின் ஒரு முனையைப் பிடிப்பதும் நோட்டில் எழுதுவதும் பத்து வயதுப் பிள்ளைக்கே முடியும். பெரியவர் படித்ததைப் பிள்ளை மறுபடி படிக்கட்டும், 83-ஐ 88 என்று எழுதுவது அப்படித்தான் நிற்கும். எஞ்சின், சீட், பெடல் எல்லாம் உட்கார்ந்த பிறகே முழு வெல்டிங். அதுவும் ஒரே பக்கமாக ஓட்டினால் ஃப்ரேம் வாழைக்காய் மாதிரி வளையும். ஒரு இஞ்ச் இங்கே, அடுத்த இஞ்ச் எதிர்மூலையில், ஆறவிட்டு அடுத்தது. 2.5 மி.மீ. வெல்டிங் ராடு என்றால் 60 ஆம்பியர் பக்கம் தொடங்குங்கள்.

எஞ்சின் கட்டு பின்னால் போனதால், மாருதியில் முன்சக்கரமாக இருந்தது இப்போது பின்சக்கரம். அது திரும்பக் கூடாது. ஸ்டியரிங் ராக்கை (ஸ்டியரிங் சுற்றினால் பக்கவாட்டில் நகரும் பல் கம்பி) எடுத்துவிட்டு, அதைச் சக்கரத்தோடு இணைத்த டை ராடுகளைச் சேஸிஸில் (நம் ஃப்ரேமில்) பூட்ட வேண்டும். பூட்டும் இடம், ராக்கில் அந்த ராடு எங்கே அசைந்ததோ அதே புள்ளி. ஒரு இஞ்ச் தள்ளிப் பூட்டினாலும் பள்ளத்தில் இறங்கும்போதெல்லாம் பின்சக்கரம் தானாகத் திரும்பும்.

பிரேக்கில் நிறைய பேர் கோட்டை விடுகிறார்கள். மாருதியின் முன்சக்கர டிஸ்க் பிரேக் பின்னால் போய், முன்னால் அதைவிடப் பிடிப்புக் குறைந்த டிரம் மாட்டினால் பின்சக்கரம் முதலில் பூட்டிக்கொண்டு வால் சுற்றும். இன்னொரு ஜோடி டிஸ்க் ஹப் (சக்கரம் பூட்டும் நடுப்பகுதி) வாங்கி முன்னாலும் மாட்டுங்கள். கியர்பாக்ஸிலிருந்து சக்கரத்தைச் சுற்றும் டிரைவ் ஷாஃப்ட்டின் வெளி ஜாயின்டை மட்டும் முன் ஹப்பிலேயே விட்டுவையுங்கள், பேரிங்கை இறுக்கிப் பிடித்திருப்பது அதுதான். பிரேக் பைப்பின் முனைக்கு இரட்டை ஃப்ளேர், அதாவது விரித்து உள்ளே ஒரு மடிப்பு மடித்த வாய் வேண்டும். ஏசி மெக்கானிக் போடுவது ஒற்றை ஃப்ளேர், இரும்பு பைப்பில் அது விண்டுவிடும். செம்பு பைப்பும் வேண்டாம், அதிர்வில் வெடிக்கும்.

இனி பெயின்ட்டுக்குப் பின் வரும் கூத்து. கழற்றி அடித்து மாட்டியாகிவிட்டது, சாவியைத் திருப்பினால் ஸ்டார்ட்டர் முனகுகிறது, கிளட்ச் கேபிளிலிருந்து புகை! எஞ்சின் ரப்பர் மேல் உட்கார்ந்திருக்கிறது, சேஸிஸை மூடி பெயின்ட். ஸ்டார்ட்டருக்குப் போன மின்சாரம் திரும்பி வர வேறு வழியின்றி கேபிளின் கம்பி வழியாக வருகிறது. கியர்பாக்ஸிலிருந்து சேஸிஸுக்குப் பட்டையான எர்த் ஒயர் ஒன்று, பேட்டரி நெகட்டிவிலிருந்து ஒன்று. ரெண்டும் உட்காரும் இடத்தில் பெயின்ட்டைச் சுரண்டி, இரும்பு மினுங்கிய பிறகு போல்ட் போட்டு, மேலே கிரீஸ் தடவுங்கள்.

அழகர் ஆற்றில் இறங்கிய கையோடு விடுமுறையில் தொடங்குபவர்கள் 40 டிகிரியில்தான் முதல் ஓட்டம் விடுவார்கள். ரேடியேட்டர் எஞ்சினைவிடத் தாழ்ந்திருந்தால் தண்ணீர் ஊற்றும் வாய் எல்லாவற்றையும்விட மேலே இருக்கட்டும், இல்லையென்றால் காற்று அடைத்து எஞ்சின் ஹெட் தண்ணீரின்றிக் காயும். திருமங்கலம் பக்கத்துக் கரிசலில் ஓட்டினால் ஏர் ஃபில்டரை ஓட்டம் முடிந்ததும் தட்டுங்கள்.

முதல் ஓட்டத்துக்கு முன் ஒவ்வொரு நட்டையும் இறுக்கியதும் நட்டிலிருந்து போல்ட் வரை நெயில் பாலிஷால் ஒரு கோடு. அம்மாவோ அக்காவோ ஒரு பழைய பாட்டில் தந்தால் போதும். பத்து கிலோமீட்டர் ஓடியதும் வண்டிக்கு அடியில் டார்ச் அடித்துப் பாருங்கள். எங்கே கோடு விலகியிருக்கிறதோ அங்கே ஸ்பேனர்.