பொள்ளாச்சி வழக்கு: ஒரு வழக்கறிஞரின் நாட்குறிப்பு, 2019–2025

2019 மார்ச் 12, செவ்வாய்

தேர்தல் தேதி அறிவித்து இரண்டு நாள்தான் ஆகிறது. ஏப்ரல் 18 அன்று தமிழகம் வாக்களிக்க இருக்கிறது. சந்தை நாளான இன்று, மாடு ஏற்றி வந்த வண்டிகளும் காவல்துறை வாகனங்களும் பொள்ளாச்சிச் சாலைகளை அடைத்துக்கொண்டிருந்தன. தி.மு.க. சார்பில் கனிமொழி தலைமையில் ஆர்ப்பாட்டம் நடந்தது. கல்லூரி மாணவிகளும் கட்சிக் கொடி எதுவும் இல்லாமல் தெருவுக்கு வந்துவிட்டார்கள்.

பிப்ரவரி 12 அன்று 19 வயது மாணவி ஒருவரைக் காரில் ஏற்றிச் சென்று, பாலியல் வன்முறை செய்து, அதைக் கைப்பேசியில் படம்பிடித்து மிரட்டினார்கள் என்பதுதான் புகார். 24ஆம் தேதி புகார் கொடுத்த பிறகு, அந்தக் குடும்பத்தைச் சேர்ந்த ஒருவரை ஒரு கும்பல் அடித்திருக்கிறது. அடித்ததாகக் கைதாகி ஜாமீனில் வெளியே வந்தவர்களில் ஒருவர் ஆளுங்கட்சியான அ.தி.மு.க.வைச் சேர்ந்தவர். கட்சி அவரை இப்போது நீக்கியிருக்கிறது. நால்வர் சிறையில் இருக்கிறார்கள். அவர்களுடைய கைப்பேசிகளில் வேறு பல பெண்களின் காணொளிகள் இருப்பதாகச் செய்தி வருகிறது.

ஒரு பெண் கதறுகிற பதிவு இரண்டு நாளாக எல்லோருடைய கைப்பேசிக்கும் வந்துகொண்டிருக்கிறது. அனுப்பியவர்கள் எல்லோருமே நல்ல எண்ணத்தில்தான், கொதிப்பில்தான் அனுப்புகிறார்கள். ஆனால் அந்தக் குரலை அடையாளம் காணக்கூடியவர்கள் இதே ஊரில் இருக்கிறார்கள் என்பதை ஒவ்வொருவருக்கும் எழுதி, அதை அழித்துவிடும்படி கேட்டுக்கொண்டேன்.

2019 மார்ச் 15, வெள்ளி

இந்த வாரம் நடந்ததை நான் எளிதில் மறக்க மாட்டேன். மாவட்டக் காவல் கண்காணிப்பாளர் பத்திரிகையாளர் சந்திப்பில் புகார்தாரரின் பெயரைச் சொல்லிவிட்டார். அதோடும் முடியவில்லை. வழக்கை சி.பி.ஐ.க்கு மாற்றுவதற்காக அரசு பிறப்பித்த ஆணையிலேயே அந்தப் பெண்ணை அடையாளம் காட்டும் விவரங்கள் அச்சாகியிருந்தன. ஆணையின் நகல் என் கைப்பேசிக்கும் வந்தது. முதல் பக்கத்திலேயே பெயரைக் கண்டதும் மூடிவிட்டேன்.

இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 228ஏ பிரிவின்படி இது இரண்டாண்டு வரை சிறைத் தண்டனைக்குரிய குற்றம். பெயரை மட்டுமல்ல, அடையாளத்தை ஊகிக்க உதவும் எந்தத் தகவலையும் வெளியிடக் கூடாது என்று நிபுண் சக்சேனா வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவுபடுத்தியது 2018 டிசம்பரில்தான். மூன்று மாதத்துக்கு முன் வந்த தீர்ப்பு, மாவட்டத்துக்கே பொறுப்பான ஓர் அதிகாரியையும் ஆணை தயாரித்த ஒரு துறையையும் எட்டவே இல்லை.

இன்று உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை, பெயர் இல்லாத புதிய ஆணையை வெளியிடவும், அந்தப் பெண்ணுக்கு அரசு 25 லட்சம் ரூபாய் இழப்பீடு கொடுக்கவும், பெயரைச் சொன்ன அதிகாரியின்மேல் நடவடிக்கை எடுக்கவும் உத்தரவிட்டது.

மாலையில் ஒரு தாயும் மகளும் அலுவலகத்துக்கு வந்தார்கள். மகள் வாய் திறக்கவில்லை. அரை மணி நேரத்துக்குப் பிறகு தாய் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்: "வக்கீலம்மா, பேரு வெளிய வராதுங்களா?" சட்டம் என்ன சொல்கிறது என்று விளக்கினேன். "சட்டஞ் செரிங்க, அந்தப் புள்ள பேரு டிவியில வந்துருச்சுங்களே" என்றார். அதற்குமேல் சொல்ல என்னிடம் எதுவும் இல்லை. யோசித்துவிட்டு வருவதாகச் சொல்லிப் போனார்கள்.

முன்வந்த ஒருவரை அம்பலப்படுத்தியது, தயங்கி நின்ற எத்தனையோ பேரின் வாயை அடைத்துவிட்டது என்றே நினைக்கிறேன். ஆனால் இன்றைக்கு மேடைகளில் பேசப்படுவதெல்லாம் எந்தக் கட்சிக்காரர் யாரோடு நிழற்படத்தில் நிற்கிறார் என்பதுதான்.

2019 மே 23, வியாழன்

பொள்ளாச்சி மக்களவைத் தொகுதியில் தி.மு.க. ஒன்றேமுக்கால் லட்சத்துக்கும் மேற்பட்ட வாக்கு வித்தியாசத்தில் வென்றிருக்கிறது. இது இந்த வழக்குக்கு மக்கள் எழுதிய தீர்ப்பு என்று தொலைக்காட்சியில் ஒருவர் சொன்னார். தேனி நீங்கலாக, தேர்தல் நடந்த எல்லாத் தொகுதிகளிலும் அதே கூட்டணிதான் வென்றிருக்கிறது என்பதால், அந்த முடிவுக்கு வர எனக்குத் தயக்கமாக இருக்கிறது. வழக்கு சி.பி.ஐ. கைக்குப் போய்விட்டது. தெருக்கள் அமைதியாகிவிட்டன.

2021 ஜனவரி 7, வியாழன்

சட்டமன்றத் தேர்தலுக்குச் சில மாதங்களே இருக்கும் நிலையில் சி.பி.ஐ. மேலும் மூவரைக் கைது செய்திருக்கிறது. அவர்களில் ஒருவர் அ.தி.மு.க. மாணவரணியின் பொள்ளாச்சி நகரச் செயலாளர். கைதான கையோடு கட்சி அவரை நீக்கிவிட்டது. அரசியல் தொடர்பே இல்லை என்று 2019இல் காவல்துறை அடித்துச் சொன்னதை இன்று எல்லோரும் நினைவுபடுத்துகிறார்கள். அது நியாயமான கேள்விதான். ஆனால் எனக்கு உறுத்துவது இடைப்பட்ட காலம். பெயர் தெரிந்த ஒருவரைக் கைது செய்ய ஏறக்குறைய இரண்டு ஆண்டுகள் ஆகியிருக்கின்றன. அத்தனை நாளும் அவர் நடமாடிய அதே கடைவீதியில்தான் சாட்சி சொல்ல வேண்டிய பெண்களும் நடக்க வேண்டியிருந்தது. நாடெங்கும் சாட்சிகளுக்குப் பாதுகாப்புத் திட்டம் ஒன்றை 2018லேயே உச்ச நீதிமன்றம் ஏற்று, அதைச் சட்டம்போலப் பின்பற்றச் சொல்லியிருக்கிறது. மாவட்ட அளவில் அப்படி ஒன்றை நாடலாம் என்பதை இங்கே யாரும் எடுத்துச் சொல்லி நான் கேட்டதில்லை.

2021 மே 3, திங்கள்

தி.மு.க. ஆட்சியைப் பிடித்துவிட்டது. கோவை மாவட்டத்தின் பத்துத் தொகுதிகளையும் அ.தி.மு.க. கூட்டணி வென்றிருக்கிறது, பொள்ளாச்சியில் பொள்ளாச்சி ஜெயராமன் 1,725 வாக்கில் மீண்டும் வந்திருக்கிறார். 2019இன் முடிவை இந்த வழக்கின் தீர்ப்பாகக் கொண்டாடியவர்கள் இதை எப்படிப் படிப்பார்கள்? மக்கள் வாக்களிப்பதற்கு நூறு காரணங்கள் இருக்கும். குற்றம் நிரூபிக்கப்படுவதற்கு இருப்பது ஒரே இடம்தான், அது நீதிமன்றம்.

2024 டிசம்பர் 28, சனி

கிண்டியில் அண்ணா பல்கலைக்கழக வளாகத்துக்குள் டிசம்பர் 23 இரவு ஒரு மாணவி பாலியல் வன்முறைக்கு உள்ளானார். அவர் துணிந்து புகார் கொடுத்தார். அடுத்து நடந்ததைப் படித்தபோது எனக்குக் கை நடுங்கியது. முதல் தகவல் அறிக்கை, அவருடைய விவரங்களோடு இணையத்தில் வெளியாகிவிட்டது. பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்திலிருந்து, அதன் இடத்தில் வந்த பாரதிய நியாய சன்ஹிதாவுக்கு மாறியபோது ஏற்பட்ட தொழில்நுட்பக் கோளாறு என்று விளக்கம் தருகிறார்கள். அந்த அறிக்கையில் எழுதப்பட்டிருந்த விதமோ, குற்றத்தைப் பதிவு செய்வதைவிடப் புகார் கொடுத்தவரைக் கூண்டில் நிறுத்துவதாக இருந்தது.

உயர் நீதிமன்றம் இன்று மூன்று பெண் ஐ.பி.எஸ். அதிகாரிகளைக் கொண்ட சிறப்புப் புலனாய்வுக் குழுவை அமைத்து, அறிக்கை கசிந்ததற்காக மாணவிக்கு அரசு 25 லட்சம் ரூபாய் கொடுக்க வேண்டும் என்று உத்தரவிட்டிருக்கிறது.

2019இல் அ.தி.மு.க. ஆட்சி, இப்போது தி.மு.க. ஆட்சி. தவறும் அதேதான், தொகையும் அதேதான். அன்று எதிர்க்கட்சியாக இருந்து கண்டித்தவர்கள் இன்று விளக்கம் சொல்கிறார்கள். அன்று விளக்கம் சொன்னவர்கள் இன்று கண்டிக்கிறார்கள். ஆணையைத் தட்டச்சு செய்கிறவர், அறிக்கையை இணையத்தில் ஏற்றுகிறவர், அதைச் சரிபார்க்க வேண்டிய மேலதிகாரி என்று இந்த மூவரின் மேசையில் இந்த ஆறு ஆண்டுகளில் எதுவுமே மாறவில்லை என்பதுதான் எனக்குத் தெரியும் உண்மை.

2025 ஜனவரி 11, சனி

இந்த வாரம் சட்டமன்றத்தில் விவாதம் அண்ணா பல்கலைக்கழகத்தில் தொடங்கிப் பொள்ளாச்சிக்கு வந்தது. அன்று 24 மணி நேரத்தில் வழக்குப் பதிவானது என்று எதிர்க்கட்சித் தலைவரும், 12 நாள் கழித்துத்தான் பதிவானது என்று முதல்வரும் சொல்ல, இரு தரப்பிடமும் ஆதாரம் கேட்ட பேரவைத் தலைவர், முதல்வர் சொன்னதே சரி என்று இன்று அறிவித்தார். நாள் கணக்கு முக்கியம்தான்; தாமதம் சாட்சியத்தைச் சிதைக்கும். ஆனால் கோவை மகளிர் நீதிமன்றத்தில் அந்த வழக்கு இன்னும் நடந்துகொண்டிருக்கிறது. அங்கே மூடிய அறையில் பெண்கள் குறுக்கு விசாரணையைத் தாங்கிக்கொண்டிருக்கும் ஆண்டுகளில், இன்னொரு பெண்ணின் வழக்குக்குப் பதிலடியாகத் தங்கள் வழக்கு எடுத்து வீசப்படுவதை அவர்கள் எப்படிக் கேட்டுக்கொண்டிருப்பார்கள் என்றே நினைத்துக்கொண்டிருந்தேன்.

2025 மே 13, செவ்வாய்

குற்றம் சாட்டப்பட்ட ஒன்பது பேரும் குற்றவாளிகள். சாகும்வரை ஆயுள் தண்டனை.

காலையிலேயே கோவை நீதிமன்ற வளாகத்துக்குப் போய்விட்டேன். தடுப்புகளுக்கு வெளியே ஒலிவாங்கிகளும் நேரலை வண்டிகளும். உள்ளே தாழ்வாரத்தில் எங்களைப் போன்ற வழக்கறிஞர்கள் சுவரோடு ஒட்டி நின்றுகொண்டிருந்தோம். குற்றவாளிகள் என்று அறிவித்த செய்தி வந்தபோது யாரும் சத்தம் போடவில்லை. நீதிபதி நந்தினி தேவி நண்பகலுக்கு மேல் தண்டனையை அறிவித்தார். எட்டுப் பெண்களுக்கு மொத்தம் 85 லட்சம் ரூபாய் இழப்பீடு.

சாட்சிகளில் ஒருவர்கூடச் சொன்னதை மாற்றிச் சொல்லிப் பிறழ்சாட்சியாக மாறவில்லை என்று அரசு வழக்கறிஞர் வெளியே வந்து சொன்னார். குற்றவியல் வழக்குகளில் பழகியவர்களுக்கு இதன் எடை தெரியும். சமரசம் பேச வருவார்கள், பணம் பேசுவார்கள், கல்யாணம் தட்டிப்போகும் என்பார்கள்; வாய்தாவுக்கு மேல் வாய்தா விழுந்து, வழக்கு முடிந்தால் போதும் என்ற சலிப்பு வந்துவிடும். புகார் கொடுத்து ஆறு ஆண்டுகளுக்கு மேலாகியும் இவர்களில் எவரும் பின்வாங்கவில்லை. கைப்பேசிகளிலிருந்து மீட்ட காணொளிகள் வலுவான ஆதாரம்தான், ஆனால் அந்தக் காணொளியில் இருப்பது நான்தான் என்று ஒரு பெண் நீதிபதியின் முன் அமர்ந்து சொன்னால்தான் அது சாட்சியமாக நிற்கும். எட்டுப் பேர் சொன்னார்கள். அவர்கள் யார் என்று நமக்குத் தெரியாது. இனியும் தெரியக் கூடாது.

2025 மே 15, வியாழன்

தீர்ப்பு வந்த அன்றே உரிமைப் போட்டி தொடங்கிவிட்டது. குற்றவாளிகளில் ஒருவர் எந்தக் கட்சிக்காரர் என்று ஆளுங்கட்சி கேட்கிறது, வழக்கை சி.பி.ஐ.க்கு மாற்றியது யாருடைய அரசு என்று அ.தி.மு.க. கேட்கிறது. அரசு, பாதிக்கப்பட்டவர்களுக்குத் தலா 25 லட்சம் ரூபாய் கூடுதலாக அறிவித்திருக்கிறது. அதை மனதார வரவேற்கிறேன். புலனாய்வையும் விசாரணையையும் அரசாங்கம்தான் நடத்த வேண்டும், அது அதன் கடமை. கடமையைச் செய்ததற்கு வாக்குக் கேட்பதை மட்டும் என்னால் ஏற்க முடியவில்லை.

2025 ஜூன் 2, திங்கள்

அண்ணா பல்கலைக்கழக வழக்கில் குற்றவாளிக்கு, 30 ஆண்டுகளுக்குத் தண்டனைக் குறைப்பு இல்லாத ஆயுள் தண்டனை. சம்பவம் நடந்து ஐந்தரை மாதத்துக்குள் சென்னை மகளிர் நீதிமன்றம் முடித்துவிட்டது. குற்றவாளி கைப்பேசியில் 'சார்' என்று அழைத்தது யாரை என்று எதிர்க்கட்சி கேட்ட 'யார் அந்த சார்?' சுவரொட்டிகள் இன்னும் கிழியாமல் இருக்கின்றன. அடுத்த ஆண்டு தேர்தல்.

ஐந்தரை மாதத்தில் ஒரு வழக்கை முடிக்க முடிகிறதென்றால், செய்தியில் வராத வழக்குகளுக்கு ஏன் அந்த வேகம் இல்லை என்று கேட்க எல்லா மாவட்டத்துப் பெண்களுக்கும் உரிமை உண்டு. வாக்குக் கேட்டு எங்கள் தெருவுக்கு வரும் வேட்பாளர் எந்தக் கட்சியானாலும் அவரிடம் கேட்க இரண்டு கேள்விகளை எழுதி வைத்திருக்கிறேன். 2019இலும் 2024இலும் அரசே கொடுக்க நேர்ந்த அந்த 25 லட்சங்களுக்காக எந்த அதிகாரியின்மேல் குற்ற வழக்குப் பதிவானது? புகார் கொடுக்கும் பெண்ணின் பெயர் காவல் நிலையத்தைத் தாண்டாமல் இருக்க, உங்கள் ஆட்சியில் அந்தக் கணினியின் முன் அமரப்போவது யார், அவருக்குப் பயிற்சி கொடுக்கப்போவது யார்?