முகம் எழுதாத படம்

பதினொரு மாதங்களுக்கு முன், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, சென்னையிலிருந்து ஒருவர் தஞ்சாவூரில் இருக்கும் என் வீட்டைத் தேடி வந்தார். படம் கேட்டு வருகிறவர்கள் பெரும்பாலும் கைப்பேசியில் ஒன்றைக் காட்டி, "இதே போல வேண்டும், இரண்டடிக்கு மூன்றடி, சட்டத்தோடு என்ன ஆகும்?" என்றுதான் பேச்சைத் தொடங்குவார்கள். இவர் காட்டுவதற்கு எதையும் கொண்டுவரவில்லை. அரை மணி நேரம் மழை, ரயில், பிள்ளைகள் படிப்பு என்று பேசிவிட்டு, தங்கள் வீட்டுத் தெய்வத்தைத் தஞ்சாவூர் ஓவியமாக எழுதித் தர முடியுமா என்று கேட்டார்.

என்ன தெய்வம் என்றேன். கன்னி என்றார். ஐந்து தலைமுறைக்கு முன் அவர்கள் குடும்பத்தில் கல்யாணம் ஆகாமலே இறந்துபோன பெண். திருநெல்வேலிப் பக்கத்தில் அவர்களுடைய பழைய வீட்டு உள்ளறையில் ஓர் ஓலைப்பெட்டி இருக்கிறது. அதற்குள் ஒரு சிவப்புப் பாவாடை, கண்ணாடி வளையல்கள், ஒரு சீப்பு, முகம் பார்க்கும் சிறு கண்ணாடி. ஆண்டுக்கு ஒரு முறை பழைய துணியை எடுத்துவிட்டுப் புதுத்துணி வைத்துப் படைப்பார்கள். சிலை கிடையாது, படம் கிடையாது. அவள் பெயர்கூட இப்போது யாருக்கும் தெரியாது. பழைய வீட்டை விற்கப் போகிறார்கள். பெட்டி மூத்தவர் வீட்டுக்குப் போய்விடும். மற்ற நான்கு வீடுகளுக்கும் விளக்கேற்றிக் கும்பிட ஏதாவது வேண்டும்.

"முகம் எப்படி இருக்க வேண்டும்?" என்று கேட்டேன்.

"அது உங்களுக்குத் தெரிந்திருக்கும் என்று நினைத்து வந்தேன்" என்றார்.

இருபத்தாறு ஆண்டுகளாக இந்தத் தொழிலில் இருக்கிறேன். அவருக்குச் சொல்ல என்னிடம் பதில் இல்லை. முன்பணமும் வாங்கவில்லை. ஊருக்கு வந்து பெட்டியைப் பார்க்கிறேன் என்று மட்டும் சொல்லி அனுப்பினேன்.

மற்ற தெய்வங்களுக்கு இந்தச் சங்கடம் இல்லை. தட்சிணாமூர்த்தி என்றால் ஆலமரம், வலக்கையில் சின்முத்திரை, காலடியில் முயலகன், சுற்றிலும் நான்கு முனிவர்கள். முருகனுக்கு வலப்பக்கம் வள்ளி, இடப்பக்கம் தெய்வானை. நடராசருக்கு வெள்ளை, அருகில் நிற்கும் சிவகாமிக்குப் பச்சை. என் குருநாதர் இவற்றைத் தியான சுலோகங்களோடு சேர்த்து மனப்பாடம் செய்ய வைத்தார். புளியங்குச்சியைச் சுட்டெடுத்த கரியால்தான் அவர் கோடு போடுவார். கை எடுக்காமல் புருவத்தில் தொடங்கி மூக்கு நுனிவரை ஒரே கோடாக இழுப்பதைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம். அந்த இலக்கணம் கையில் இருக்கும்வரை, எந்தத் தெய்வத்தைக் கேட்டு வந்தாலும் கவலையில்லாமல் பலகையை எடுத்துவிடுவேன்.

ஆனால் இலக்கணப்படி எழுதினாலும், வந்து பார்க்கிறவர்கள் சில நேரம் "அம்மன் முகம் சரியாக வரவில்லையே" என்பார்கள். முதலில் எனக்குக் கோபம் வரும். பிறகு புரிந்துகொண்டேன். அவர்கள் மனத்தில் ஏற்கெனவே ஒரு முகம் இருக்கிறது. ராஜா ரவி வர்மா 1894-இல் பம்பாயில் அச்சகம் தொடங்கி லட்சுமியையும் சரஸ்வதியையும் வீடு வீடாகக் கொண்டு சேர்த்தார். நம் பக்கத்தில் கோவில்பட்டி சி. கொண்டையா ராஜுவும் அவருடைய சீடர்களும் காலண்டர்களுக்கு எழுதிய அம்மன்களும் முருகன்களும் எத்தனையோ பூஜை அறைகளில் குங்குமப் பொட்டோடு இன்றும் இருக்கிறார்கள். கொண்டையா ராஜு மறைந்தது 1976-இல். அவர் எழுதிய கண்கள்தான் இன்று ஐம்பது வயதுக்காரருக்கு அம்மனின் கண்கள். அதனால் இப்போதெல்லாம் அளவையும் நிறத்தையும் கேட்பதற்கு முன், "சின்ன வயதில் உங்கள் வீட்டில் எந்தப் படம் மாட்டியிருந்தது?" என்று கேட்டுவிடுகிறேன். இந்த ஒரு கேள்விக்கு மனிதர்கள் சொல்லும் பதிலில் வீடு, பாட்டி, எண்ணெய்ப் பிசுக்கு, பரீட்சை நாள் திருநீறு எல்லாமே வந்துவிடும்.

முகத்தைப் பற்றி எனக்குப் பெரிய பாடம் ஒன்று உண்டு. அதை வெளியில் அதிகம் சொன்னதில்லை.

தனியாகத் தொழில் தொடங்கிய மூன்றாம் ஆண்டு, ஓய்வு பெற்ற ஆசிரியர் ஒருவர் வந்தார். மனைவி இறந்து ஆறு மாதம் ஆகியிருந்தது. மகாலட்சுமி படம் வேண்டும், முகம் மட்டும் தன் மனைவியின் முகமாக இருக்க வேண்டும் என்றார். அச்சு அசலாகக் கொண்டுவர முடியும் என்ற நம்பிக்கை எனக்கு. கொண்டுவந்தும்விட்டேன். இடப்புருவத்துக்கு மேலே இருந்த சிறு மச்சத்தைக்கூட விடவில்லை. படத்தைப் பார்த்ததும் அந்தப் பெரியவர் தரையில் உட்கார்ந்து அழுதார். அதை என் திறமைக்குக் கிடைத்த பாராட்டாக எடுத்துக்கொண்டேன்.

இரண்டு ஆண்டுகள் கழித்து வேறு வேலையாக அந்த ஊருக்குப் போனபோது அவர் வீட்டுக்கும் போனேன். பூஜை அறையில் படம் இல்லை. வேட்டியில் சுற்றி பீரோவுக்குப் பின்னால் சாய்த்து வைத்திருந்தார்கள். அவருடைய மகள் என்னைத் தனியே அழைத்துச் சொன்னார்: "தப்பாக நினைக்காதீர்கள், அண்ணா. சாமி கும்பிடலாம் என்று போய் நின்றால் அம்மா பார்க்கிறாள். அம்மாவைப் பார்க்கலாம் என்று போனால் நான்கு கை இருக்கிறது."

முகத்தை மாற்றித் திருத்தித் தருகிறேன், பணம் வேண்டாம் என்று பெரியவரிடம் சொன்னேன். வேண்டாம் என்று தலையசைத்துவிட்டார். அன்று பஸ் ஏறி ஊர் திரும்பும்வரை நான் யாரிடமும் பேசவில்லை. அவர்களுக்குப் பிரியமான இரண்டு பேர் இருந்தார்கள், ஒருவர் தெய்வம், ஒருவர் தாய். இருவரையும் ஒரே பலகையில் பூட்டி, இருவருமே அவர்களுக்குக் கிடைக்காமல் செய்துவிட்டேன்.

அதற்குப் பிறகு தெய்வத்துக்கு மனித முகம் வைப்பதில்லை. இறந்தவரும் படத்தில் வேண்டும் என்கிறவர்களிடம், மதுரைப் புது மண்டபத் தூண்களில் நாயக்க மன்னர்கள் கைகூப்பி நிற்பதைச் சொல்வேன். அப்படி ஒரு மூலையில், தெய்வத்தின் பாதத்தருகே, சிறிய உருவாக எழுதித் தருகிறேன். சிலருக்கு அதுவும் வேண்டியிருக்காது. ஒரு பெண் தன் தாயாரின் எட்டுக்கல் பேசரியை மட்டும் மீனாட்சிக்குப் போட்டுவிடுங்கள் என்றார். அசல் நகையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு அதே வரிசையில் கல் பதித்தேன். பேத்தியின் பிரசவம் நல்லபடியாக முடிந்ததற்காக வேளாங்கண்ணி மாதா படம் கேட்ட ஓர் அம்மா, தான் மாதாவுக்குச் சாத்திய சேலையின் கரையைத் துண்டு வெட்டிக் கொடுத்துவிட்டுப் போனார். வெளியார் கண்ணுக்கு அது ஏதோ ஒரு நீலச் சேலை. அவருக்கு மட்டும் தெரியும்.

என்னிடம் வந்த பழுது வேலைகளில் மறக்க முடியாதது ஒரு வெண்ணெய்க் கிருஷ்ணன். மராட்டியர்கள் தஞ்சையை ஆண்ட 1676 முதல் 1855 வரையிலான காலத்தில், அதிலும் இரண்டாம் சரபோஜியின் ஆட்சியில், 1798-க்கும் 1832-க்கும் இடையில், இந்தக் கலை நன்றாகத் தழைத்தது. அந்த நாட்களில் எழுதியவர்கள் பெரும்பாலும் படத்தில் பெயர் போட்டதில்லை. இந்தப் படம் அவ்வளவு பழையது இல்லை என்றாலும் அந்த வழியில் வந்ததுதான். பலாப்பலகை, குழந்தைக் கண்ணன் வெளிர் நிறத்தில். "கிருஷ்ணன் நீலமாகத்தானே இருக்க வேண்டும், நீலம் அடித்துவிடுங்கள்" என்றார் கொண்டுவந்த மருமகன். பழைய தஞ்சாவூர்ப் படங்களில் குழந்தைக் கண்ணனை இப்படி வெளுப்பாக எழுதுவது வழக்கம்தான் என்று விளக்கினேன்.

கண்ணாடி எப்போதோ உடைந்து, மாற்றாமல் விட்டிருந்தார்கள். சூடப் புகை படிந்து தங்கம் பழுப்பேறியிருந்தது. பஞ்சை லேசாக நனைத்து, விரற்கடை அளவாக ஒற்றி ஒற்றித் துடைத்துக்கொண்டு வந்தேன். கண்ணனின் இடது பாதத்துக்கு வந்தபோது கை நின்றுவிட்டது. பெருவிரல் இருந்த இடத்தில் வண்ணமே இல்லை. அடியில் பூசிய வெள்ளை தெரிந்தது. பூச்சி அரித்திருந்தால் விளிம்பு பிசிறடித்திருக்கும். ஈரம் என்றால் கொப்புளித்து உதிர்ந்திருக்கும். இது வழவழவென்று, கோயில் படிக்கட்டு தேய்ந்தது போலத் தேய்ந்திருந்தது. அந்த வீட்டுப் பாட்டி காலையில் எழுந்ததும் அந்த விரலைத்தான் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வாராம். கண்ணாடி மாற்ற வேண்டாம் என்றவரும் அவர்தான்.

உதிர்ந்த கற்களைப் பதித்தேன், போன இடத்தில் தங்கம் ஒட்டினேன், பாதத்தை மட்டும் தொடவில்லை. வாங்க வந்த மருமகனுக்கு வருத்தம். காசு கொடுத்தும் வேலை பாக்கி இருக்கிறதே என்றார். கூட வந்திருந்த பாட்டியின் மூத்த மகள், அவருக்கே எழுபது வயது இருக்கும், எதுவும் சொல்லாமல் குனிந்து ஆள்காட்டி விரலை அந்த இடத்தில் வைத்தார். அதற்குப் பிறகு பாக்கி வேலை பற்றி யாரும் பேசவில்லை.

சரி, கன்னிக்கு வருகிறேன்.

திருநெல்வேலிக்குப் போகும்போது மூன்று முகங்களைத் தாளில் வரைந்து எடுத்துப் போயிருந்தேன். பத்து வயதுக் குழந்தை முகம் ஒன்று, அம்மன் சாயலில் ஒன்று, அந்தக் குடும்பத்துப் பெண்களின் சாயலில் ஒன்று. வீட்டில் எண்பது வயதைத் தாண்டிய ஆச்சி ஒருவர் இருந்தார். மூன்றையும் வாங்கிப் பார்த்தார். பிறகு ஒவ்வொன்றாகத் தரையில் கவிழ்த்து வைத்தார்.

"தம்பி, முகம் எழுத வேண்டாம். நான் கல்யாணமாகி இந்த வீட்டுக்கு வந்ததிலிருந்து அவளைக் கும்பிடுகிறேன். எனக்கு அவள் முகம் தெரியும். என் மகளுக்குத் தெரிந்த முகம் வேறு. நீங்கள் ஒன்றை எழுதி மாட்டிவிட்டால் எங்கள் எல்லாருடைய முகமும் போய்விடும்."

உள்ளறைக்கு அழைத்துப்போய்ப் பெட்டியைக் காட்டச் சொன்னார். மகன் கயிற்றை அவிழ்த்து, உள்ளே இருந்ததை எடுத்துப் பரப்பி, நான் பார்த்து முடித்ததும் திரும்ப வைத்துக் கட்டினார். மாலை வரை அதன் முன்னால் உட்கார்ந்து வரைந்துகொண்டிருந்தேன்.

லட்சுமியும் கிருஷ்ணனும் அமரும் அதே மண்டபம், தூண்கள், மேலே திரைச்சீலை, இரண்டு பக்கமும் தொங்கும் விளக்குகள். நடுவில் தெய்வம் இருக்க வேண்டிய இடத்தில் கட்டிய ஓலைப்பெட்டி. அதன் முன்னால் மடித்த சிவப்புப் பாவாடை, அதன் மேல் வளையல்கள், சீப்பு, கண்ணாடி. தஞ்சாவூர் வேலையில் கண்ணாடித் துண்டு பதிப்பது உண்டு. அந்த இடத்தில் நிஜக் கண்ணாடியைப் பதித்தால் கும்பிடுகிறவர் முகம் அதில் தெரியுமே என்று ஒரு யோசனை வந்தது. இரண்டு நாள் அந்த யோசனையில் எனக்குப் பெருமையாகவும் இருந்தது. பிறகு விட்டுவிட்டேன். அது என் சாமர்த்தியத்தைக் காட்டும், அவளுக்கு அதில் எதுவும் இல்லை. ஆச்சி அந்தக் கண்ணாடியை எப்போதும் கவிழ்த்துத்தான் வைக்கிறார். நானும் கவிழ்த்தே எழுதினேன்.

நான்கு வீடுகளுக்கு நான்கு படங்கள். பிளைவுட்டின் மேல் காடாத்துணி ஒட்டி, சாக்குத்தூளும் கோந்தும் கலந்து பூசி, காயவிட்டு, தேய்த்து, மறுபடி பூசி, நான்கு பலகைகளைத் தயார் செய்யவே ஒரு மாதத்துக்கு மேல் ஆயிற்று. இடையில் மழை வேறு. பிறகு கற்கள். பிறகு மக்கு வேலை. சுக்கான் மாவைக் கோந்தில் பிசைந்து, தூணின் கொடியையும் திரையின் மடிப்பையும் பெட்டியின் விளிம்பையும் மேடாக எழுப்புவது. ஓலைப்பின்னலை அப்படி எழுப்புவதற்கு எனக்குப் பழக்கம் இல்லை. ஓலை ஒன்றன் அடியில் ஒன்று நுழைந்து வருவது கண்ணுக்குத் தெரிய வேண்டும், அதற்காகப் பாதியில் இரண்டு முறை சுரண்டிவிட்டுத் திரும்ப வைத்தேன். மக்கு இறுகியபின் மின்விசிறியை நிறுத்தி, ஜன்னலைச் சாத்தி, 22 காரட் தங்க ரேக்கை ஒட்டி, அடியில் இருக்கும் வேலை மேலே எழும்படி மழுங்கிய குச்சியால் அழுத்த வேண்டும். அந்த நேரத்தில் வீட்டில் என்னிடம் யாரும் பேச மாட்டார்கள். மூச்சு வேகமாக விட்டாலும் ரேக்கு மடங்கிவிடும்.

எந்தப் படத்திலும் கண்களைக் கடைசியில்தான் எழுதுவேன். கருவிழி வைக்கும் நாளில் குளித்துவிட்டு, படம் கேட்டவரையும் வரச்சொல்லிப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொள்வேன். இந்தப் படத்தில் கண் இல்லை. பெட்டிக்கு முன்னால் எரியும் ஒற்றை விளக்கின் சுடரைக் கடைசிக்கு வைத்திருந்தேன். சொல்லியனுப்பினேன். ஆச்சியைக் காரில் அழைத்து வந்தார்கள். நான்கு படங்களையும் வரிசையாகச் சாய்த்து வைத்து, ஒவ்வொன்றிலும் சுடரை எழுதி முடிக்கும்வரை பாய் மேல் காலை நீட்டி உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

முடிந்ததும் பேரனைப் பிடித்துக்கொண்டு எழுந்து வந்தார். முதல் படத்தின் அருகில் முகத்தைக் கொண்டுபோய், பெட்டியைச் சுற்றிய கயிற்றை விரலால் தொடாமல் காட்டினார்.

"முடிச்சு இடப்பக்கம் வர வேண்டும், தம்பி. என் மாமியாருக்கு இடக்கைப் பழக்கம். அவர் கட்டிக் காட்டியபடிதான் நாங்கள் இன்றைக்கும் கட்டுகிறோம்."

அன்று மகன் அவசரத்தில் வலப்பக்கம் கட்டியிருக்கிறார், அதைப் பார்த்து நான் வரைந்திருக்கிறேன். மகன் ஏதோ சொல்ல வாயெடுத்தார். நான் அவரைத் தடுத்து, ஆச்சியிடம் பத்து நாள் கேட்டேன். அவர்கள் கிளம்பியதும் நான்கு பலகைகளையும் மேசை மேல் கிடத்தி, ஈரப்பஞ்சை முதல் முடிச்சின் மேல் வைத்து, மக்கு ஊறுவதற்காகக் காத்திருந்தேன்.