மே மாதத்தில் கல்லூரியைச் சுற்றிப் பார்த்து ஏமாந்த கதை

2025 மே 8-ஆம் தேதி பிளஸ் டூ ரிசல்ட் வந்தது. மார்க்கில் குறையில்லை, பி.காம். என்பதிலும் குழப்பமில்லை. மகள் கேட்டது ஒன்றே ஒன்று: "அம்மா, அங்க எனக்கு யாரு இருப்பா?" ஆறாம் வகுப்பிலிருந்து அதே நாலு பிள்ளைகளோடு ஒட்டிக்கொண்டு வளர்ந்தவள். புது ஆட்களிடம் வாய் திறக்க ஒரு மாதம் ஆகும். அதனால் பிள்ளைகள் எப்படிப் பழகுகிறார்கள் என்று நேரில் பார்த்துவிட்டுத்தான் சேர்ப்பது என்று இருந்தேன்.

முதல் பயணமே வீண். மே 12 மதுரையில் அழகர் ஆற்றில் இறங்கினார், உள்ளூர் விடுமுறை. மறுநாள் ஆபீஸ் இருக்குமே என்று உசிலம்பட்டியிலிருந்து கிளம்பினோம். அழகர் இன்னும் மலைக்குத் திரும்பவில்லை என்பதை யோசிக்கவில்லை. கோரிப்பாளையத்தை நெருங்கவே முடியவில்லை. பாதி வழியில் இறங்கி, வெயிலில் நடந்து, ஒரு வாசலில் வாட்ச்மேன் கையில் கொடுத்த நோட்டீஸை வாங்கிக்கொண்டு திரும்பினோம்.

அடுத்த வாரம் நிதானமாகப் போனோம். அமெரிக்கன் கல்லூரி, மீனாட்சி அரசு மகளிர் கல்லூரி, லேடி டோக் எல்லாம் அந்தப் பக்கமே இருப்பதால் ஒரே நாளில் பார்த்துவிடலாம். விண்ணப்பம், கட்டணம் எல்லாம் ஆன்லைனில் முடிந்தது, அதில் சிரமமில்லை. ஆனால் கடைசியில் நாங்கள் சேர்த்தது இவை மூன்றும் அல்லாத வேறொன்றில். நிழலான மரங்கள், பெரிய கலையரங்கம், சுவர் நிறைய கல்ச்சுரல்ஸ் போட்டோ. என் வீட்டுக்காரருக்கும் திருப்தி. மகளும் தலையாட்டினாள்.

நான் விட்ட இடம் இதுதான். மே மாதத்தில் கல்லூரியில் மாணவர்களே கிடையாது. நாங்கள் பார்த்தது மரத்தையும் கட்டடத்தையும் மட்டும்.

ஜூன் முதல் வாரத்தில், எங்கள் தெருவில் அதே கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கும் பெண்ணை மாரியம்மன் கோயிலில் பார்த்தேன். "பாப்பாவுக்கு எந்த ஷிப்ட் அத்தை?" என்றாள். ரசீதை எடுத்துக் காட்டினேன். செல்ஃப் பைனான்ஸ், அதாவது அரசு உதவி இல்லாத சுயநிதிப் பிரிவு; இரண்டாம் ஷிப்ட், மதிய வகுப்பு. அவள் முகம் மாறிவிட்டது. "விழா, போட்டி, பேச்சு எல்லாம் காலையிலதான் அத்தை. நாங்க ஒன்றே முக்காலுக்கு உள்ள போறப்ப அவங்க வெளிய வந்துக்கிட்டு இருப்பாங்க. ஆறு மணிக்கு விட்டதும் நான் ஆரப்பாளையத்துக்கு ஓடுவேன். ஒரு வருஷத்துல எனக்குப் பக்கத்து பெஞ்ச் பிள்ளைய மட்டுந்தான் தெரியும்."

ஒரே வாசல், ஒரே பெயர்ப் பலகை, ஆனால் உள்ளே இரண்டு கல்லூரி. எல்லா இடத்திலும் இப்படி இருக்காது. ஆனாலும் ஷிப்டைக் கேட்காமல் பணம் கட்டாதீர்கள்.

அந்தப் பெண்ணே எனக்கு இன்னொரு வழியும் சொன்னாள். என்.எஸ்.எஸ். (நாட்டு நலப்பணித் திட்டம்) ஏழு நாள் முகாமுக்குப் போன வருஷம் எந்த ஊருக்குப் போனீர்கள் என்று அங்கே படிக்கும் யாரையாவது கேளுங்கள். ஊர்ப் பெயரும் சமைத்த கதையும் கொட்டினால் பிள்ளைகள் ஒன்றாக இருக்கிறார்கள். "பேப்பர்ல கையெழுத்து வாங்கினாங்க" என்றால் வேறு எதையும் விசாரிக்க வேண்டாம். நான் இன்னும் ஒன்று பார்ப்பேன்: வாசலில் நிற்கும் பைக்குகளின் ஸ்டிக்கர், டீக்கடையில் நிற்கும் பையன்களின் மணிக்கட்டுக் கயிறு. நம் பக்கத்தில் எந்தக் கயிறு எந்தச் சாதி என்று எல்லோருக்கும் தெரியும். கயிற்றின் நிறத்தைப் பார்த்துக் கூட்டம் சேருகிற இடத்தில் என் மகளுக்குத் தோழி கிடைத்து எனக்கு ஆக வேண்டியதில்லை.

நல்ல வேளையாக, விண்ணப்பித்திருந்த இன்னொரு கல்லூரியில் எய்டட் (அரசு உதவி பெறும்) பிரிவில், காலை ஷிப்டில் ஓர் இடம் காலியாகிக் கூப்பிட்டார்கள். மூன்று நாள் அவகாசம். ஒரிஜினல் டி.சி.யும் மார்க் ஷீட்டும் முதல் கல்லூரியில்.

முதல் நாள் போனேன். கிளார்க் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "சேர்ந்த பிறகு எதுக்கும்மா மாத்துறீங்க? அதெல்லாம் தர முடியாது." இரண்டாம் நாள், "சூப்பிரண்டு லீவு." பஸ்ஸில் திரும்பும்போது எனக்கு அழுகையே வந்துவிட்டது. காரணம் சொல்லக்கூட இடம் கொடுக்கவில்லை.

அன்று ராத்திரி தம்பி மகன் போனில் ஒன்றைத் தேடி அனுப்பினான். பல்கலைக்கழக மானியக் குழு 2018 அக்டோபரில் வெளியிட்ட அறிவிப்பு. ஒரிஜினல் சான்றிதழ்களைச் சரிபார்த்ததும் உடனே திருப்பித் தந்துவிட வேண்டும், கல்லூரி வைத்துக்கொள்ளக் கூடாது. சேர்க்கையின் கடைசித் தேதிக்குப் பதினைந்து நாளோ அதற்கு மேலோ இருக்கும்போது விலகினால், கட்டணத்தில் 5 சதவீதம், அதுவும் 5,000 ரூபாய்க்கு மிகாமல்தான் பிடிக்கலாம். அதை ஜெராக்ஸ் எடுத்து, முதல்வருக்கு ஒரு பக்கக் கடிதத்தோடு இணைத்தேன். மூன்றாம் நாள் நேராக முதல்வர் அறை வாசலில் உட்கார்ந்தேன். கடிதத்தின் நகலில் 'பெற்றுக்கொண்டேன்' என்று முத்திரை வாங்கினேன். அந்த முத்திரை விழுந்த ஒரு மணி நேரத்தில் டி.சி. என் கைக்கு வந்தது. எடுத்துக் கொடுத்தது அதே கிளார்க்.

மத்தியானம் மூன்று மணிக்குப் புதிய கல்லூரியில் சேர்த்துவிட்டோம். இப்போது மதிய இடைவேளையில் நாலு பேரோடு உட்கார்ந்து சாப்பிடுகிறாளாம். ஒருத்தி மேலூர், ஒருத்தி திருமங்கலம், மற்ற இருவர் பெயர் எனக்கு இன்னும் வாயில் நுழையவில்லை.

பழைய கல்லூரியிலிருந்து பணம் இன்னும் வரவில்லை. முத்திரை போட்ட நகலை எடுத்துக்கொண்டு வருகிற செவ்வாய்க்கிழமை மறுபடி போகிறேன்.