தண்ணீர் மில்லில் கற்றது, திருகையில் கொத்தியது

காவி தடவிய மரச்சட்டத்தைக் கீழ்க்கல்லின் மேல் வைத்து ஒரு சுற்றுத் தேய்த்தேன். நான்கே இடத்தில்தான் சிவப்பு ஒட்டியது. அம்மாவின் திருகை ஏன் கேழ்வரகில் பாதியை அரைக்காமல் முழுசாகவே வெளியே தள்ளுகிறது என்று இத்தனை நாள் பிடிபடவில்லை. அந்தச் சிவப்புத் திட்டுகளைப் பார்த்ததும் தெரிந்துவிட்டது. இரண்டு கல்லும் அந்த நான்கு மேட்டில்தான் உரசிக்கொண்டிருந்தன. மற்ற இடமெல்லாம் இடைவெளி.

இந்தக் காவி வித்தை எங்கள் வீட்டில் யாருக்கும் தெரியாது. பர்மிங்காமில் குடியேறிய பிறகு, ஒரு பழைய தண்ணீர் மில்லுக்கு வார இறுதியில் உதவிக்குப் போனதில் தொடங்கியது எல்லாம்.

ஹால் கிரீன் பகுதியில், கோல் ஆற்றை ஒட்டி இருக்கிறது சேர்ஹோல் மில். அந்த இடத்தில் மில் குளம் வெட்டியது 1542இல். இப்போது நிற்கும் கட்டடம் 1771ஐச் சேர்ந்தது. நடுவே 1750களில் மேத்யூ போல்டன் அதைக் குத்தகைக்கு எடுத்திருந்தார். பிற்பாடு ஜேம்ஸ் வாட்டோடு கூட்டுச் சேர்ந்து நீராவி எந்திரம் செய்து விற்ற அதே போல்டன்தான். 1919 வரை ஓடிய மில் அதன்பிறகு நின்றுபோய்ப் பாழடைந்தது. 1960களில் ஊர்க்காரர்கள் சேர்ந்து, இதை இடிந்துபோக விடமாட்டோம் என்று கிளம்பினார்கள், நிதி திரட்டினார்கள். 1896 முதல் 1900 வரை சிறு பையனாக அந்தப் பக்கத்தில் வளர்ந்த நாவலாசிரியர் டோல்கீனும் பணம் கொடுத்தவர்களில் ஒருவர். 1969இல் பழுதுபார்த்து அருங்காட்சியகமாகத் திறந்தார்கள். பர்மிங்காமில் இன்றும் ஓடும் நிலையில் இருக்கும் தண்ணீர் மில்கள் இரண்டே இரண்டு. இது ஒன்று, சட்டன் கோல்ட்ஃபீல்டு பக்கம் இருக்கும் நியூ ஹால் மில் இன்னொன்று.

முதல் சில மாதங்கள் எனக்குக் கிடைத்தது துடைப்பமும் மாவுப்பையும்தான். தரையைப் பெருக்குவது, மாவை எடைபோட்டுப் பையில் கட்டுவது. இலையுதிர் காலத்தில் தண்ணீர் வரும் வாயில் இலை அடைத்துக்கொள்ளும், அதை வாரியால் இழுத்துப் போடுவது. எனக்கு அது குறைச்சலாகப் படவே இல்லை. மதகைத் திறந்ததும் தண்ணீர் சக்கரத்தில் விழுந்து, கட்டடம் முழுக்க ஒரு அதிர்வு காலடியில் ஏறும். அந்த ஒரு நிமிடத்துக்காகவே எத்தனை வாளி இலை வேண்டுமானாலும் அள்ளலாம்.

கல் ஓடும்போது பார்க்க வேண்டியது நிறைய. மேலே மரப்பெட்டியில் கோதுமை. அதன் அடியில் சாய்ந்த ஒரு மரத்தட்டு. கல்லோடு சேர்ந்து சுழலும் ஒரு தண்டு அந்தத் தட்டை இடித்துக்கொண்டே இருக்கும். தண்ணீர் வேகமாக வந்தால் கல் வேகமாகச் சுற்றும், தட்டு அதிகம் குலுங்கும், தானியமும் அதிகம் விழும். யாரும் கை வைக்க வேண்டாம், அதுவே அளந்து போட்டுக்கொள்ளும். அந்தத் தண்டுக்கு இங்கே ‘டாம்செல்’ என்று பெயர், பழைய ஆங்கிலத்தில் இளம்பெண் என்று அர்த்தம். ஓயாமல் கலகலவென்று பேசுவதால் அப்படி வைத்தார்களாம். பெட்டி காலியாகிவிட்டால் பேச்சு மாறிவிடும். உடனே கவனிக்க வேண்டும், தானியம் இல்லாமல் கல்லோடு கல் உரசினால் பொறி பறக்கும். மாவுத் தூசு நிறைந்த மரக் கட்டடத்தில் பொறி பறந்தால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை.

அங்கே எனக்குச் சொல்லிக்கொடுக்கும் பெரியவர், வரும் மாவைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே தேய்த்துப் பார்த்தே இடைவெளி கூடவா குறைவா என்று சொல்லிவிடுவார். கல்லின் நடுவில் பழுப்புக் காகிதம் நுழையும் அளவு, ஓரத்தில் மெல்லிய பட்டுக் காகிதம் நுழையும் அளவு இடைவெளி இருக்க வேண்டும், அதுதான் கணக்கு. நானும் தேய்த்துப் பார்க்கிறேன். சூடு தெரிகிறது, வித்தியாசம் இன்னும் தெரியவில்லை.

ஒரு மில்லுக்குக் கூரை போட்டுச் சுவரைப் பூசினால் கட்டடம் நிற்கும். ஆனால் அந்த மாவைத் தொட்டுச் சொல்லும் விரல் எங்கிருந்து வரும்? அதனால்தான் மாவு அரைத்து விற்பது எனக்குப் பெரிய விஷயமாகத் தெரிகிறது. அரைத்தால்தான் கல் தேயும், தேய்ந்தால்தான் யாராவது கொத்தக் கற்றுக்கொள்வார்கள்.

சரி, கொத்துக்கு வருகிறேன். ஒவ்வொரு மே மாதமும் இரண்டாவது வார இறுதியில் இங்கே தேசிய மில் நாள் என்று நாடு முழுக்கப் பழைய மில்களைத் திறந்துவிடுவார்கள். அப்படி வேறொரு ஊரின் சிறிய மில்லுக்குப் போனபோது ஒரு மனிதர் கல் கொத்திக் காட்டிக்கொண்டிருந்தார். அது பிரெஞ்சுக் கல். பாரிசுக்குக் கிழக்கே லா ஃபெர்தே சூ ஷுவார் பக்கத்தில் வெட்டியெடுத்த துண்டுகளைச் சேர்த்து, பாரிஸ் சாந்தால் ஒட்டி, இரும்புப் பட்டை கட்டி வட்டமாக்கியது. தவிட்டு மூட்டையில் முழங்கையை ஊன்றிச் சாய்ந்து படுத்துக்கொண்டு, மரப்பிடியில் சொருகிய இருமுனை உளியைத் தூக்கித் தூக்கி விழவிட்டார். ஓங்கி அடிக்கவே இல்லை. உளியின் கனமே வேலையைச் செய்தது. டக், டக், டக். எனக்கோ “அம்மி கொத்தலையோ, ஆட்டுக்கல் கொத்தலையோ” என்று தெருவில் கேட்ட குரல் காதில் வந்துவிட்டது. எங்கள் தெருவில் அந்தக் குரல் நின்று பல வருஷம் ஆகிறது.

வீட்டில் பத்து இன்ச் திருகை இருந்தது. ஒரு தடவை ஊருக்குப் போனபோது மேல்கல், அடுத்த தடவை கீழ்க்கல் என்று இரண்டு பயணத்தில் கொண்டு வந்தது. கல்லுக்குப் பத்து கிலோ.

முதல் சனிக்கிழமை: கராஜில் பழைய தலையணை மேல் முழங்கையை ஊன்றிக்கொண்டேன். கண்ணாடி, முகக்கவசம் இரண்டும் போட்டாயிற்று; கல்தூசு நுரையீரலுக்கு ஆகாது. பத்தாவது அடியிலேயே ஓரத்தில் நகம் அளவு சில்லு பெயர்ந்துவிட்டது. ஓங்கி அடித்தது தப்பு. வயிறு கலங்கிப்போனது, அம்மாவின் கல் அல்லவா. உளியை வைத்துவிட்டு எழுந்துவிட்டேன்.

இரண்டாவது சனிக்கிழமை: காவி, தேய்ப்பு, சிவப்பு ஒட்டிய இடத்தில் மட்டும் லேசான கொத்து, துடைப்பு, மறுபடி காவி. எட்டு சுற்று. நான்கு திட்டு பதினொன்றானது. கை மரத்துப்போனது.

நான்காவது சனிக்கிழமை: ஓரத்தை ஒட்டி ஒரு விரல் அகலத்துக்குச் சிவப்பு வளையம் முழுசாக வந்தது. நடுவில் ஒட்டவில்லை, ஒட்டவும் கூடாது. தானியம் உள்ளே வர அங்கே இடம் வேண்டும். மில்லில் கேட்ட காகிதக் கணக்கு பத்து இன்ச் கல்லுக்கும் பொருந்துகிறது! அப்புறம் பழைய பள்ளங்களைப் பார்த்துப் பார்த்து ஆழப்படுத்தினேன்.

அம்மாவுக்குப் போனில் காட்டினேன். “கொத்துன கல்லுல எடுத்தவுடனே கேப்பையப் போட்டுறாத. மொதல்ல தவிடு போட்டு ரெண்டு மூணு தடவை அரைச்சுக் கொட்டு, பல்லுல நறநறங்கும்” என்றார். தவிடுக்கு எங்கே போவது? மில்லில் சலித்து ஒதுக்கியதில் ஒரு பை கேட்டு வாங்கி வந்தேன். முதல் தடவை சாம்பல் நிறமாக வந்தது. மூன்றாவது தடவைதான் தவிடு தவிட்டு நிறத்தில் விழுந்தது.

நேற்று இருநூறு கிராம் கேழ்வரகு போட்டுச் சுற்றினேன். சல்லடையில் முழுத் தானியமாகத் தங்கியது ஒரு கைப்பிடிகூட இல்லை. மாவு வெதுவெதுப்பாக இருந்தது. இரவு அதிலேயே அடை தட்டினோம்.

மேல்கல் இன்னும் பாக்கி. அதன் அச்சுக்குழி ஒரு பக்கமாகத் தேய்ந்து, சுற்றும்போது ஆடுகிறது. ஞாயிற்றுக்கிழமை அதைத் தள்ளுவண்டியில் வைத்து மில்லுக்கு எடுத்துப் போகிறேன். பெரியவர் பார்க்க வேண்டும் என்று சொல்லியிருக்கிறார்.