குத்துவதற்கு முன்னால் என்ன நடந்தது?

மலேசியாவின் பினாங்கில், ஜெலுத்தோங் பகுதியில் ஓர் அடுக்குமாடி வீட்டில் அம்மா, நான், தம்பி மூவரும் இருக்கிறோம். தம்பிக்கு ஆட்டிசம். பேச்சு மிகவும் குறைவு. இடைநிலைப் பள்ளிக்குப் போன பிறகு தன் தாடையிலும் தலையிலும் குத்திக்கொள்ள ஆரம்பித்தான். தடுக்கப் போனால் எங்களுக்கும் அடி விழும். சொந்தக்காரர்கள் "வயசுக் கோளாறு, கண்டித்து வையுங்கள்" என்றார்கள். ஒரு சித்தி தாயத்து வாங்கி வந்தார்.

அரசாங்க மருத்துவமனையில் பார்த்த ஆக்குபேஷனல் தெரபிஸ்ட் (அன்றாட வேலைகளைச் செய்யப் பயிற்சி தருபவர்), குத்துவதை எப்படி நிறுத்துவது என்று பேசவே இல்லை. ஒரு நோட்டு வாங்கச் சொன்னார். முன்னால் என்ன நடந்தது, அவன் என்ன செய்தான், பிறகு நாங்கள் என்ன செய்தோம் என்று பக்கத்தை மூன்றாகப் பிரித்து எழுத வேண்டும். "கோபப்பட்டான் என்று எழுதாதீர்கள், கண்ணால் பார்த்ததை மட்டும் எழுதுங்கள்" என்றார். சாப்பாடு, தூக்கம், சத்தம், பக்கத்தில் யார் இருந்தார்கள் எல்லாம் அதில் சேரும்.

எழுத எழுதத்தான் தெரிந்தது. ஐஸ் மைலோ குடித்த பிறகு, ராத்திரி படுத்த பிறகு, பெரும்பாலும் இடது தாடை. டாக்டர் காது, வயிறு, மலச்சிக்கல் எல்லாம் பார்த்தார். ஆட்டிசம் உள்ளவர்களுக்கு வளரும் பருவத்தில் வலிப்பு தொடங்கலாம் என்பதால் அதைப் பற்றியும் விசாரித்தார். கடைசியில் பார்த்தால், கடைவாய்ப் பல் சொத்தை. விழுந்து அடிபட்டால்கூட அழாத பிள்ளை, அவனுக்கு வலியே தெரியாது என்றுதான் எல்லாரும் சொல்வார்கள். ஆனால் ஆட்டிசத்தில் வலி உணர்வு ஒரே மாதிரி இருப்பதில்லை. மனநல மருத்துவர்கள் நோயறியப் பயன்படுத்தும், 2013-இல் வந்த டி.எஸ்.எம்.-5 கையேடும் ஒலி, தொடுதல், வலி ஆகியவற்றை மிக அதிகமாகவோ மிகக் குறைவாகவோ உணர்வதை ஆட்டிசத்தின் அடையாளங்களில் ஒன்றாகச் சேர்த்திருக்கிறது. நடத்தை திடீரென்று மாறினால் முதலில் உடம்பைப் பாருங்கள். மற்றதெல்லாம் அப்புறம்.

பல் நாற்காலியைப் படம் எடுத்து வீட்டில் தினமும் காட்டினோம். முதல் தடவை அதில் உட்கார்ந்துவிட்டுத் திரும்பியதே போதும் என்று விட்டுவிட்டோம். பிறகு மயக்க மருந்து கொடுத்துத்தான் பல்லை எடுத்தார்கள். மாற்றுத்திறனாளிகளுக்கான ஓகேயு கார்டு முன்பே எடுத்திருந்தது கட்டண விஷயத்தில் கைகொடுத்தது. ஆட்டிசம் அதில் கற்றல் குறைபாட்டுப் பிரிவில் வரும். டாக்டர் உறுதிப்படுத்திய படிவத்தோடு சமூக நலத் துறையில் பதிய வேண்டும். எடுக்காதவர்கள் தள்ளிப்போட வேண்டாம்.

குத்துவது வெகுவாகக் குறைந்தது, முழுதாகப் போகவில்லை. மேல் வீட்டில் டிரில் ஓடினால், பள்ளி வேன் தாமதமானால் இன்னும் வரும். அப்போது டிவியை அணைத்துவிட்டு, சுவருக்கும் தலைக்கும் நடுவில் தலையணை வைக்கிறோம். பெரிய ஆபத்து இல்லாவிட்டால் கையைப் பிடிப்பதில்லை. "ஏன்டா இப்படிப் பண்ற" என்று அந்த நேரத்தில் கேட்கவே கூடாது என்பது என் உறுதியான கருத்து. கேள்வி அவனுக்கு இன்னொரு சத்தம், அவ்வளவுதான். அடங்கிய பிறகும் புத்திமதி கிடையாது. தண்ணீர், போர்வை, இருட்டு அறை. எழுந்து வர நேரம் எடுத்தால் எடுக்கட்டும்.

'போதும்' என்று காட்ட, கையின் படம் போட்ட ஓர் அட்டையும் செய்து கொடுத்தோம். அவன் நீட்டினால் உடனே கிளம்பிவிட வேண்டும், பாதிச் சாப்பாடாக இருந்தாலும் சரி. ஒருமுறை "இரு, இரு" என்று சமாளித்தால்கூட அட்டைக்கு மதிப்புப் போய்விடும்.

தைப்பூசத்துக்கு ரதம் பார்க்க அவனுக்கு ஆசை. விளக்கு பிடிக்கும், ஆனால் பினாங்கில் ரதத்துக்கு முன்னால் தேங்காய் உடைக்கும் சத்தம் ஆகாது. ரதம் போகும் வழியை முந்தைய வாரமே நடந்து காட்டினோம். அன்றைக்குக் காதுக்கு இயர்மஃப் மாட்டி, குறுக்குச் சாலை ஒன்றில் தள்ளி நின்றோம். ரதம் கண்ணுக்குத் தெரிவதற்குள் அட்டையை நீட்டிவிட்டான். அம்மாவுக்கு மனசு கேட்கவில்லை, ஆனாலும் திரும்பிவிட்டோம். வழியில் அவன் ஒருமுறைகூடக் குத்திக்கொள்ளவில்லை. அன்று ராத்திரி நோட்டில் அம்மாவே அதை எழுதினார்.